ஹலோவீன் வேடத்தை வீட்டிலே தைப்போம்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாதம் பிறந்ததும் ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரின் வீடுகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. பிள்ளை பாடசாலையிலிருந்து வந்து, "இந்த முறை நான் என்ன வேடம் போடுவது?" என்று கேட்கிறது. சில வீடுகளில், "அது எங்கள் பண்டிகை அன்று" என்னும் ஒரே வாக்கியத்தோடு அந்த வழக்குத் தள்ளுபடி செய்யப்படுகிறது. வேறு சில வீடுகளில், மாதக் கடைசியில் அவசர அவசரமாகக் கடைக்குச் சென்று, 30, 40 டொலர் கொடுத்து, பிளாஸ்ரிக் உறையினுள் மடித்து வைக்கப்பட்ட ஒரு வேடத்தை வாங்கி வருவதோடு அது முடிகிறது. இவ்விரு தீர்ப்புகளிலும் நமக்கு உடன்பாடில்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது சமையலறை மேசையிலே, கத்தரிக்கோலோடும் ஊசி நூலோடும் பழைய துணிகளோடும் தொடங்குகிறது.

முதலில், வேண்டாம் என்போரின் நியாயத்தைக் கேட்போம். இது பேய்களின் பண்டிகை, நமக்கு இதில் என்ன வேலை என்பது அவர்களது கேள்வி. பழைய அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் கொண்டாடினர். இறந்தோரின் ஆவிகள் அந்நாளில் இவ்வுலகிற்கு வந்து போகும் என்பது அவர்களது நம்பிக்கை. கிறிஸ்தவ சமயம் பரவிய பின்னர், நவம்பர் 1 ஆந் திகதி அனைத்துப் புனிதர் திருநாளாயிற்று. அதற்கு முந்திய மாலையே ஹலோவீன் எனப் பெயர் பெற்றது. அங்கே கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய வழக்கம், அமெரிக்கக் கண்டத்திற்கு வந்தபின் பூசணிக்கு மாறியது. மறைந்த தந்தையை ஆடி அமாவாசையிலும் தாயைச் சித்திரா பௌர்ணமியிலும் நினைந்து விரதம் இருப்பவர்களும், கார்த்திகையில் வாசல்தோறும் விளக்கீடு செய்பவர்களுமாகிய நமக்கு, இறந்தோரை நினைப்பதும் இருட்டிலே விளக்கேற்றுவதும் அத்துணை அந்நியமானவையோ?

இப்பண்டிகையை இந்நாட்டிற்குக் கொண்டு வந்தவர்கள் யாவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் உண்டானபோது, 1847 ஆம் ஆண்டில் மாத்திரம் 38,000 இற்கும் மேற்பட்ட அயர்லாந்து மக்கள் ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவ்வேளை இந்நகரின் குடித்தொகை ஏறத்தாழ 20,000 மாத்திரமே. பசியோடும் நோயோடும் வந்த அவர்களை இந்நகரம் மகிழ்ந்து வரவேற்றது என்று சொல்வதற்கில்லை. 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய செய்தியை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். கடல் கடந்து வந்தவர்கள் தம்மோடு கொண்டு வந்த பழக்கங்களுள் ஒன்றே இன்று நம் தெருவெங்கும் பூசணி விளக்காக எரிகிறது. அதனை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். சமய நம்பிக்கையின் பொருட்டு விலகி நிற்போரை நாம் மதிக்கிறோம். ஆயினும், 'வெள்ளைக்காரரின் கூத்து' என்ற ஒரு சொல்லால் அதனைத் தட்டிக் கழிப்பது நியாயமன்று.

வீடு வீடாகச் சென்று கேட்பது பிச்சையெடுப்பது போன்றது என்று முகம் சுளிப்போரும் உளர். பாடசாலைக்கும் மடத்திற்கும் பிடியரிசி சேர்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அப்படிச் சொல்லலாகாது. மார்கழிப் பனியில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடித் தெருத்தெருவாகச் சென்றவர்களும் நம்மவர்தாம். கனடாவில் 1955 ஆம் ஆண்டு முதல் 2006 ஆம் ஆண்டு வரை, ஹலோவீன் இரவில் சிறுவர்கள் யுனிசெவ் நிறுவனத்தின் செம்மஞ்சள் நிறப் பெட்டிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சென்று, பிற நாட்டுச் சிறுவர்களுக்காகச் சில்லறை சேர்த்தனர். இன்று இளம் பெற்றோராக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் அப்பெட்டியைச் சுமந்தவர்களே.

இனி, கடையில் வாங்குவோரிடம் வருவோம். அவர்களிடமே நமக்குப் பேச வேண்டியது அதிகம். நேரமில்லை என்பது அவர்களது விடை. அது பொய்யன்று. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒருவர் இரவு வேலை முடித்து வரும்போது மற்றவர் புறப்படும் வீட்டில், துணி வெட்டித் தைப்பதற்கு எங்கே பொழுது? ஆனால் அதே பெற்றோர்தாம் சனிக்கிழமைதோறும் பிள்ளையை எமது பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு, "வீட்டிலே தமிழ் கதைக்கிறான் இல்லை, ஆசிரியை, என்ன செய்வது?" என்று கவலையோடு கேட்கின்றனர். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என்பதே நமது கருத்து.

கிழமைக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்கள் நாம் தமிழ் கற்பிக்கிறோம். பறவைகளின் பெயர், பழங்களின் பெயர், நிறங்களின் பெயர் என்று பெயர்ச்சொற்களைப் பிள்ளைகள் மனனம் செய்துவிடுகின்றனர். அவர்களுக்கு வாய்க்காதவை வினைச்சொற்கள். 'வெட்டு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எல்லாவற்றையும் வெட்டுகின்றனர். துணியைக் கத்தரிப்பது, நூலை அறுப்பது, தாளைக் கிழிப்பது, தையலைப் பிரிப்பது, பஞ்சைப் பிய்ப்பது எல்லாம் அவர்களுக்கு ஒன்றே. 'இறுக்கு', 'தளர்த்து' என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறலாம். அடுத்த சனிக்கிழமை அவை மறந்து போயிருக்கும். ஊசியின் காதிலே நூலைக் கோர்த்து, நுனியில் முடிச்சிட்டு, முதலில் இழையோட்டிப் பின்னர் தைத்து, உட்புறத்தை வெளியே புரட்டி, "இழுக்காதே, துணி சுருங்குது, கொஞ்சம் தளர விடு" என்று ஓர் அம்மம்மா பக்கத்திலிருந்து சொல்லக் கேட்ட பிள்ளைக்கு அச்சொற்கள் கையிலே தங்கிவிடும். பொத்தானுக்கு 'தெறி' என்றொரு பெயர் உண்டு என்பதை நமது பாடநூல் சொல்லவில்லை. அம்மம்மாவின் தையற் பெட்டி சொல்லும்.

கைகள் வேலையில் இருக்கும்போது வாயில் மொழி தானாக வருகிறது என்பது ஆசிரியர்களாகிய நாம் பன்முறை கண்டது. எதிரே அமர்ந்து, "இன்று பாடசாலையில் என்ன நடந்தது? தமிழில் சொல்லு" என்றால் பிள்ளை வாய் திறக்காது. அதே பிள்ளை, இறகு வெட்டிக் கொண்டிருக்கும்போது, கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லும். ஆங்கிலம் இடையிடையே கலக்கத்தான் செய்யும். கலக்கட்டும்.

இறகு என்றோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆந்தை வேடம் செய்யும் முறையை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஆந்தையா என்று பாட்டிமார் திடுக்கிடுவர். ஆந்தை அலறினால் ஆகாது என்று ஊரிலே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வங்காளத்திலே ஆந்தை இலட்சுமியின் வாகனம் என்பதையும், கியூபெக் மாகாணம் 1987 ஆம் ஆண்டில் பனி ஆந்தையைத் தன் மாகாணப் பறவையாக்கிக் கொண்டதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். கேட்பார்கள் என்று உறுதி கூற மாட்டோம்.

பிள்ளையின் கைகளை இருபுறமும் நீட்டச் சொல்லி, முதுகுப் பக்கமாக ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை அளந்து கொள்ளுங்கள். பழைய விரிப்பு ஒன்றிலிருந்து அந்த நீளத்திற்கு, கழுத்திலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை தொங்கும்படியும், மணிக்கட்டுகளை நோக்கி ஒடுங்கும்படியும் ஒரு துணியை வெட்டுக. இதுவே இறக்கையின் அடித்துணி. அடுத்து இறகுகள். தானியப் பெட்டியின் மட்டையில், வெற்றிலை போல நுனி கூரியதாக, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலமும் 8 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட மாதிரி ஒன்றை வெட்டிப் பிள்ளையிடம் கொடுங்கள். அதனைத் துணியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறுவதும் கத்தரிப்பதும் பிள்ளையின் வேலை. தேய்ந்த ஜீன்ஸ், நிறம் மங்கிய ரீசேட், அப்பாவின் பழைய பழுப்புக் காற்சட்டை எல்லாம் உதவும். 120 முதல் 150 இறகுகள் வரை தேவைப்படும். ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஜீன்ஸ் துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்தால்தான் இறகு இறகாகத் தோன்றும்.

எங்கிருந்து தைக்கத் தொடங்குவது? இங்கேதான் பலர் தவறுவர். மேலிருந்து தொடங்கினால் இரண்டாம் வரிசை முதல் வரிசையின் மேல் ஏறி, தையல் எல்லாம் வெளியே தெரியும். கீழிருந்து தொடங்க வேண்டும். கீழ் வரிசையின் மேற்பாதியை அடுத்த வரிசை மறைக்க வேண்டும்; ஒவ்வோர் இறகிலும் மேல் விளிம்பை மாத்திரம் தைத்து, நுனியை அசைய விட வேண்டும். இதனை யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எந்தத் தாத்தாவிடம் கேட்டாலும் சொல்வார். கிடுகு வேயும் முறையும் இதுவேதான். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி, ஒரு வரிசையின் மேல் மறு வரிசை படிய வேய்ந்தால்தான் மழைநீர் வழிந்தோடும். பறவையின் இறகும் அப்படியே அமைந்துள்ளது. கிடுகையே கண்டிராத பிள்ளை ஸ்காபரோவின் அடுக்குமாடி ஒன்றில் இருந்து கொண்டு அதன் இலக்கணத்தைக் கற்றுக் கொள்வதை நினைத்துப் பாருங்கள். 'கிடுகு', 'தாழ்வாரம்', 'முகடு', 'வேய்தல்' என்று நான்கு சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன.

கழுத்திலே கட்டுவதற்கு நாடாவும், மணிக்கட்டிலே மாட்டுவதற்கு இலாஸ்ரிக் வளையமும் வைத்தால் இறக்கை முடிந்தது. முகத்திற்கு முகமூடி வேண்டாம். பக்கப் பார்வையை அது மறைத்துவிடும். கண்களைச் சுற்றி வெள்ளை வட்டமும் மூக்கில் மஞ்சள் அலகும் முகவர்ணத்தால் தீட்டலாம். அவ்வர்ணத்தை முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, தோல் சிவக்கிறதா என்று பார்த்துக் கொள்க. இனிப்புச் சேர்ப்பதற்குத் தலையணை உறையை விடச் சிறந்த பை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதிலே பிள்ளை தன் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் தைத்துக் கொள்ளட்டும்; 'அ' ஆனால் சற்றுச் சிரமம், 'ப' ஆனால் மூன்று கோடுகள்தாம்.

அளவெடுக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. ஒக்ரோபர் 31 ஆந் திகதி மாலை இந்நகரில் குளிர் கடுமையாக இருக்கும். சில ஆண்டுகளில் மழை, சில ஆண்டுகளில் பனி. அழகாகத் தைத்த உடையை அணிவித்துவிட்டு, கடைசி நிமிடத்தில் அதன்மேல் குளிர்ச்சட்டையைப் போட்டு மூடிவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகியாது. குளிர்ச்சட்டையின் மேலே போடத் தக்கதாக இறக்கையை அகலமாகத் தைப்பதே அறிவுடைமை. கடை வேடங்களிற் பெரும்பாலானவை இக்குளிரை அறியாதவை.

அன்று மாலை 6 மணி கடந்து சிறிது நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். பழுப்பு நிற ஆந்தை இருட்டிலே சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒளி தெறிக்கும் நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, இறகுகளோடு இறகாக முதுகிலும் கைகளிலும் ஒட்டுக. உடை முழங்காலுக்குக் கீழே இழுபடலாகாது. வாசற்படிகளில் பூசணியினுள் மெழுகுவர்த்தி எரியும். பருத்தி விரைவிற் பற்றும், பொலியெஸ்ரர் உருகித் தோலோடு ஒட்டும். கடையில் வாங்கியதாயினும் வீட்டில் தைத்ததாயினும், பிள்ளையைச் சுவாலையின் அருகே செல்ல விடாதீர்கள். நம் வீட்டுப் பூசணிக்கு மின்கல விளக்கே போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேடத்தை நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். ஊரிலே பாலர் பாடசாலைகளில் நடந்த வினோத உடைப் போட்டிகள் நினைவிருக்கலாம். தாயும் சித்தியும் மாமியும் இரவிரவாகக் கண்விழித்து ஒரு பாரதியாரையோ ஒளவையாரையோ உருவாக்கி மேடையில் நிறுத்துவர். மீசை ஒட்டிய பசை கடிக்க, பிள்ளை அழும். பரிசு தாய்க்கு, கண்ணீர் பிள்ளைக்கு. இங்கும் அது நேர வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் தையல் கோணலாகத்தான் இருக்கும். பிள்ளை உறங்கிய பின்னர் அதனைப் பிரித்து நேராகத் தைக்கும் ஆசை தாய்மாருக்கு எழும். குறிப்பாக ஊரிலே மனைப்பொருளியல் பாடத்திற் சிறப்புச் சித்தி பெற்ற தாய்மாருக்கு. அந்தக் கோணல் வரிசையைத் தொடாதீர்கள். மறுநாள் காலையில் பிள்ளை முதலிற் பார்ப்பது அதனைத்தான்.

பிள்ளை ஆந்தை வேண்டாம், ஸ்பைடர்மான்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்? பிடிக்கட்டும். தேர்வு பிள்ளையுடையது. சிவப்பு ரீசேட் ஒன்றில் கறுப்புத் துணிவர்ணத்தால் சிலந்தி வலை வரையலாம். பதினொரு பன்னிரண்டு வயதானவர்கள் வீட்டில் தைத்ததை அணிய வெட்கப்படுவர். நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு மெய்யானது. அவர்களை வற்புறுத்துவதால் பயனில்லை. உடையை வாங்கினாலும் வாளையும் கேடயத்தையும் தலைப்பாகையையும் வீட்டில் செய்யலாம் என்று ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். மட்டை, அலுமினியத் தாள், ஒட்டு நாடா மூன்றும் இருந்தால் ஒரு படையையே ஆயத்தம் செய்யலாம். ஆயினும் சில பாடசாலைகள் விளையாட்டு ஆயுதங்களையும் முகமூடிகளையும் அனுமதிப்பதில்லை. வேடம் அணிவதையே நிறுத்திச் செம்மஞ்சளும் கறுப்பும் அணிந்து வரச் சொல்லும் பாடசாலைகளும் உள. பாடசாலை அனுப்பும் கடிதத்தை வாசித்த பின்னரே வாளைச் செய்யத் தொடங்குங்கள்.

ஒரு விடயத்தில் மாத்திரம் நாம் உறுதியாக நிற்கிறோம். நேரமில்லாத பெற்றோர் சிலர், பெட்டியிலிருக்கும் பட்டுப் பாவாடையையோ வேட்டி சால்வையையோ உடுத்தி, "இதுதான் உன் வேடம்" என்று பிள்ளையை அனுப்பி விடுகின்றனர். இது தகாது. மாறுவேடம் என்பது நாம் அல்லாத ஒன்றாக ஒரு மாலைப் பொழுது இருந்து பார்ப்பது. பூசை நாளிலும் பொங்கல் நாளிலும் உடுத்தும் உடை நம்முடைய உடை. மந்திரவாதியும் எலும்புக்கூடும் வரும் வரிசையிலே அதனையும் சேர்த்து நிறுத்தினால், தன் உடை ஒரு வேடிக்கைப் பொருள் என்றே பிள்ளை எண்ணும். அதன்பின் வாணி விழாவிற்கு அதனை உடுத்தச் சொல்லும்போது, "எனக்கு இன்று ஹலோவீன் இல்லையே" என்று கேட்டால் நம்மிடம் விடை இராது. இதே நியாயத்தால்தான், இந்நாட்டின் முதற்குடி மக்களின் இறகுத் தலையணியை விளையாட்டாக நம் பிள்ளைகள் அணிவதையும் நாம் விரும்புவதில்லை. அவர்களுக்கு அது மதிப்புக்குரிய அணி.

நம் மரபிலிருந்தே வேடம் வேண்டும் என்போருக்குக் கூத்து இருக்கிறது. அங்கே உள்ளது வேடமாகவே பிறந்த உடை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பு, கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பைப் போல இடையிலிருந்து விரிந்து நிற்பது. ஆடும்போது அதுவும் சுழன்றாடும். மட்டையிலே வெட்டி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய முடி, தோளிலே புயக்கட்டு, கையிலே மரவாள் என்று எல்லாவற்றையும் ஊரவர் தம் கையாலேயே செய்தனர். விளையாட்டு வளையம் ஒன்றும் பழைய சேலை ஒன்றும் இருந்தால் ரொறன்ரோவிலும் ஒரு கரப்புடுப்புச் செய்யலாம். கதவைத் திறக்கும் அயலவர், "நீ யார்?" என்று கேட்கும்போது, "நான் ஓர் அரசன்" என்று ஆங்கிலத்திற் சொல்லத் தெரிந்தாற் போதும், எந்த நாட்டு அரசன் என்பதை அடுத்த வீட்டிற்குப் போகும் வழியில் அப்பா தமிழில் சொல்லிக் கொண்டு வரலாம். அப்பாமாரையும் இவ்வேலையில் இழுத்துவிடுவது நமது நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்கவில்லை. தையல் வராது என்போர் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, கைக்கும் தலைக்கும் துளையிட்டு, ஓர் இயந்திர மனிதனைச் செய்யட்டும்.

மாணவச் செல்வங்களே, ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு அம்மாவிடம் சென்று, "நாளைக்கு எனக்கு வேடம் வேண்டும்" என்று சொன்னால் கடைக்குத்தான் போக வேண்டி வரும். நன்றியறிதல் நாளின் நீண்ட வார இறுதி, ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமையோடு வருகிறது. அந்த மூன்று நாட்களுள் இறகுகளைக் கத்தரித்து முடித்தால், மாலைக்கு இரண்டு வரிசையாகத் தைத்துச் செல்லலாம்.

எமது பாடசாலையின் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். செப்ரெம்பர் மாதத்தில் வகுப்புகள் தொடங்கும்போதே, வாசலில் ஒரு பெரிய பெட்டியை வைத்து, வீடுகளிற் கிடக்கும் துணித் துண்டுகள், தெறிகள், நாடாக்கள், மணிகள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். வகுப்பு முடியும் வரை மண்டபத்தில் காத்திருக்கும் அம்மம்மாமாரும் தாத்தாமாரும் உளர். வகுப்பு முடிந்தபின் ஓர் அரை மணித்தியாலம் ஒரு மேசையில் அவர்களை அமர்த்தி, ஊசி கோர்ப்பது முதல் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். பண்டிகை முடிந்ததும் பிள்ளைகள் வளர்ந்துவிடுவர், வேடங்கள் சிறுத்துவிடும். அவற்றைக் குப்பையில் எறியாமல் உள்ளே அளவை எழுதிப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். வருகின்ற ஆண்டு விழா நாடகத்தில் இராவணனை மறித்துப் போரிடச் சடாயு ஒன்று தேவைப்படும். ஆந்தையின் இறக்கையில் இரண்டு வரிசை சிவப்பு இறகைச் சேர்த்தால் அது ஆயத்தம்.